ஊசிக்குத்துப் பதிவேடு காலியாக இருந்தால் நல்லதா, கெட்டதா?

நைட்டூட்டி:
வணக்கம். வார்டிலிருந்து என்னைத் தொற்றுக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். நோயாளிகளுக்கு வரும் தொற்றைக் கணக்கெடுக்கத் தெரியும். இப்போது ஸ்டாஃபுக்கு இருக்கும் ஆபத்துகளையும் கண்காணிக்கச் சொல்லி ஒரு நோட்டைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். பயன்படுத்திய ஊசி ஸ்டாஃபைத் தவறிக் குத்தினால் எழுதி வைக்கும் பழைய ஊசிக்குத்துப் பதிவேட்டைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் 'இல்லை', 'இல்லை'. மேலிடத்துக்கு அதில் பெருமை வேறு. விரலைப் பிதுக்கிக்கொண்டு சிங்க் பக்கம் நின்றவர்களை நானே பார்த்திருக்கிறேன், எப்படி நம்புவது? எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

பழைய தியேட்டர் சிஸ்டர்:
நம்பாதீங்க சிஸ்டர். யாரும் வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான். நோட்டை மூடி வைத்துவிட்டு லாண்டரிக்குப் போங்க. விரிப்பு பிரிக்கிறவரிடம் துணியில் ஊசி வருமா என்று கேளுங்க. எந்த வார்டு மூட்டையை ஜாக்கிரதையாகப் பிரிக்க வேண்டும் என்று அவருக்கு அத்துப்படி. அப்புறம் குப்பை எடுக்கிறவர். ஊசியே போடாத இவர்களுக்கும் குத்து விழும், ஆனால் பாதி இடங்களில் இவர்கள் பெயரே ஸ்டாஃப் லிஸ்டில் இருக்காது, கான்ட்ராக்ட் என்று தள்ளிவிடுவார்கள்.

வார்டுக்கு வார்டு, பயன்படுத்திய ஊசியைப் போடும் ஷார்ப்ஸ் பாக்ஸைப் பாருங்க. முக்கால் பங்கு நிறைந்ததும் மாற்ற வேண்டியது, வாய்வரை ஊசி நீட்டிக்கொண்டிருந்தால் அங்கே விஷயம் இருக்கிறது. திரும்ப மூடி மாட்டிய ஊசிகள் மேலாகத் தெரிந்தால் இன்னும் மோசம்.

ஏன் சொல்வதில்லை என்றால், நான் வேலை பார்த்த ஓரிடத்தில் குத்து வாங்கினவரிடமே 'கவனக்குறைவு' என்று விளக்கக் கடிதம் எழுதி வாங்குவார்கள். அப்புறம் எவர் வாய் திறப்பார்? முதலில் அந்த வழக்கம் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்க. ஒரு பக்க ஃபார்ம் போதும்: துளையுள்ள ஊசியா தையல் ஊசியா, என்ன வேலைக்கு நடுவில், ஷிஃப்டின் எந்த நேரத்தில். பிதுக்கவே கூடாது, சோப்பும் தண்ணீரும்தான். எச்ஐவி தடுப்பு மாத்திரையைச் சில மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரம் தாண்டக் கூடாது, 28 நாள் சாப்பிடணும். நைட்டில் அந்த மாத்திரை எந்த அலமாரியில், சாவி யாரிடம் என்று இன்றே கேட்டுப் பாருங்க.

எல்லோரும் எச்ஐவிக்குத்தான் பயப்படுவார்கள். ஊசிக்குத்தில் அது தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம். தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி 6 முதல் 30 சதவீதம் வரை. அதனால் 'ஊசி போட்டாச்சு' என்ற டிக்கோடு விடாதீங்க. மூன்றாவது டோஸ் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் டைட்டர், அதாவது ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளின் அளவு பார்க்கணும், மில்லிலிட்டருக்கு 10 மில்லி யூனிட்டாவது இருக்கணும்.

டார்க்ரூம்:
எங்கள் எக்ஸ்ரே பக்கத்திலும் இதே கதை. உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கிற டோஸ் பேட்ஜ் ரிப்போர்ட்டை மட்டும் படிக்காதீங்க, எக்ஸ்ரேயில் பார்த்தபடி இதய ரத்தக்குழாய்ச் சிகிச்சை செய்கிற கேத் லேபின் கேஸ் லிஸ்டைப் பக்கத்தில் வைத்துப் படிங்க. அதிகக் கேஸ் செய்கிற டாக்டருக்குப் பூஜ்யம், ஓரமாக நிற்கிற நர்ஸுக்கு அதைவிடக் கூடுதல் என்றால், டாக்டரின் பேட்ஜ் லாக்கரில் தூங்குகிறது. வருஷக் கணக்கில் 'சேஃப்' என்று வந்துகொண்டே இருக்கும். சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையமான ஐசிஆர்பி சொல்லும் வரம்பு 5 ஆண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 50 தாண்டக் கூடாது. கண் லென்ஸுக்கு 150 இருந்ததை 2011இல் 20 ஆகக் குறைத்தார்கள். மார்பில் ஈய ஏப்ரனுக்குள் மாட்டிய பேட்ஜ் கண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லாது, கழுத்துப் பக்கம் ஏப்ரனுக்கு வெளியே இன்னொன்று வேண்டும்.

நைட்டூட்டி:
லாண்டரி யோசனை தலையில் ஏறவே இல்லை, நன்றி. கருவிகளைக் கிருமி நீக்கும் சிஎஸ்எஸ்டி பிரிவில் ஈடிஓ, அதாவது எத்திலீன் ஆக்சைடு வாயு மெஷின் இருக்கிறது. வாசனை வந்தால் சொல்கிறோம் என்கிறார்கள். போதுமா?

பழைய தியேட்டர் சிஸ்டர்:
போதவே போதாது. அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் வரம்பு 8 மணி நேரச் சராசரிக்கு 1 பிபிஎம், காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. மூக்குக்குத் தெரிவதற்குள் அது நூற்றுக்கணக்கில் போயிருக்கும். புற்றுநோய் வரவழைக்கும் வாயு, விளையாட்டில்லை. மூச்சு விடுகிற இடத்துக்குப் பக்கமாக, காலரில் வாயுவை அளக்கும் பேட்ஜ் மாட்டி அளக்கச் சொல்லுங்க. லோடு முடிந்து கதவு திறக்கிற 15 நிமிஷத்தைத் தனியாக அளக்கணும், அதற்கு வரம்பு 5. நாள் முழுக்க அளந்த சராசரியில் அந்த நேரம் கரைந்துவிடும், ரிப்போர்ட் அழகாக வரும். கதவைத் திறக்கிறவர் யார் என்றும் எழுதி வையுங்க, பெரும்பாலும் எப்போதும் ஒரே ஆள்தான்.