ஒன்றரை இடைவெளின்னா 1.5 தானா? (ஸீலேடெக் என்ற லேடெக் அச்சுக்கோப்பு மென்பொருளில் தமிழ் ஆய்வேடு)

காட்பாடி ஆய்வு: 12 பாயின்ட் தமிழ். வழிகாட்டி ஒன்றரை வரி இடைவெளி கேட்கிறார். செட்ஸ்பேஸ் (வரி இடைவெளித் தொகுப்பு) ஏத்தி, லைன்ஸ்பிரெட் (வரித்தூரத்தைப் பெருக்கும் கட்டளை) 1.5 வச்சா பக்கம் வெறிச்சோடித் தெரியுது. அதோட அடிக்குறிப்பில் வரிகள் சீரா இல்ல, சில வரி மட்டும் விலகி நிக்குது.

சத்துவாச்சாரி டிடிபி: 1.5 தப்பு சார். 12 பாயின்ட் எழுத்துக்கு லேடெக்கில் வரித்தூரம் (ஒரு வரியின் அடியிலிருந்து அடுத்த வரியின் அடி வரை) ஏற்கெனவே 14.5. அதை 1.5 ஆல பெருக்கினா 21.75. எழுத்தளவில் ஒன்றரைன்னா 18 தான். 18-ஐ 14.5 ஆல வகுங்க, 1.241. செட்ஸ்பேஸ் தொகுப்பின் ஒன்ஹாஃப்ஸ்பேசிங் கட்டளை வைக்கிறதும் அதே 1.241. லைன்ஸ்பிரெட்டை எடுத்துட்டு அதைப் போடுங்க.

குடியாத்தம் அச்சு: கணக்கு சரி தம்பி, ஆனா அது இங்கிலீஷுக்குப் போட்ட கணக்கு. வேர்டில் ஒன்றரைன்னா எழுத்துருவோட சொந்த வரி உயரத்தைப் பெருக்கும், தமிழ் எழுத்துருவில் அது அதிகம். வழிகாட்டியோட கண் அதுக்குப் பழகினது. 18-ல் அச்செடுத்தா நெருக்கம்னு திரும்பி வரும். அதே தொகுப்பின் செட்ஸ்ட்ரெச் கட்டளையில் 1.4 வைங்க, 20.3 கிடைக்கும்.

சத்துவாச்சாரி டிடிபி: 240 மில்லிமீட்டர் உயர உரைப்பகுதியில் 18-க்கு 38 வரி, 20.3-க்கு 34. 200 பக்க ஆய்வேடு 220-ஐத் தாண்டும். அச்சுச் செலவு, பைண்டிங் தடிமன் எல்லாம் மாணவர் தலையில்தானே விழும்?

குடியாத்தம் அச்சு: படிக்க முடியாத 200 பக்கத்தை விட படிக்கிற 220 மேல்.

காட்பாடி ஆய்வு: அடிக்குறிப்புக்கு என்ன வழி அண்ணா?

குடியாத்தம் அச்சு: செட்ஸ்பேஸ் அடிக்குறிப்பை ஒற்றை இடைவெளியிலேயே விட்டுடும். அங்க 10 பாயின்ட் எழுத்துக்கு 12 பாயின்ட் வரித்தூரம். மேல் வரியில் 'ழூ' வால் தொங்குது, நேர் கீழ் வரியில் 'கீ' சுழி ஏறுது. ரெண்டும் சேர்ந்து 12-ஐத் தாண்டினா அந்த ஒரு இடத்தில் மட்டும் லேடெக் பேஸ்லைன்ஸ்கிப்பை (வழக்கமான வரித்தூரம்) விட்டுட்டு, லைன்ஸ்கிப்படி (மோதும் வரிகளுக்கான இடைவெளி) 1 பாயின்ட் சந்து விட்டுத் தள்ளி வைக்கும். நீங்க பார்த்த விலகல் அதுதான். அடிக்குறிப்பு அளவுக் கட்டளையான ஃபுட்நோட்சைஸை ஃபான்ட்சைஸ் 10, 14-ன்னு (எழுத்து 10, வரித்தூரம் 14) மாத்தி எழுதுங்க, கடைசியில் அந்த அளவைச் செயல்படுத்தும் செலக்ட்ஃபான்ட் விட்டுடாதீங்க.

சத்துவாச்சாரி டிடிபி: 14 வரைக்கும் வேண்டாம். 13 வச்சு, அந்தத் தள்ளல் எப்போ தொடங்கணும்னு சொல்ற லைன்ஸ்கிப்லிமிட்டை மைனஸ் 2 பாயின்ட் ஆக்கினா வரி நகராது.

குடியாத்தம் அச்சு: நகராது, ஆனா வால் போய்ப் புள்ளியைத் தொடும். 'ழூ'வுக்குக் கீழ 'ன்' வந்தா புள்ளி மையில் மறைஞ்சு 'ன' ஆயிடும். தமிழில் அது எழுத்துப்பிழை சார், அழகுப் பிரச்சினை இல்ல.

சத்துவாச்சாரி டிடிபி: சரி, அடிக்குறிப்புக்கு 14 ஒத்துக்கிறேன். உரைக்கு 18 போதும்ங்கிறதில் மாற்றமில்ல. இன்னொண்ணு: மேற்கோள் பத்தியை மட்டும் நெருக்க அடைப்புக்குள் பேஸ்லைன்ஸ்கிப் மாத்தினா, அடைப்பை மூடும் முன்னாடியே பத்தியை முடிங்க. பத்தி முடியற இடத்தில் இருக்கிற அளவுதான் முழுப் பத்திக்கும் செல்லும்.

காட்பாடி ஆய்வு: 18-லயும் 20.3-லயும் ஒரே அத்தியாயத்தை அச்செடுத்து வழிகாட்டி மேசையில் வைக்கிறேன்.