ஷெஃபீல்டில் கேட்ட ‘ஹிஸ்டீரியா’

ராக் இசைக்குழுவான டெஃப் லெப்பர்டின் ‘ஹிஸ்டீரியா’ ஆல்பத்தை நான் முதன்முதலில் முழுமையாகக் கேட்டது அந்தக் குழு உருவான, இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரிலேயே. மேற்படிப்புக்காக அங்கே வாடகைக்குத் தங்கியிருந்தபோது, கீழ்த்தளத்தில் குடியிருந்த, உருக்காலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த இசைத்தட்டை ஓடவிடுவார். 12 பாடல்கள், 62 நிமிடங்களுக்கும் மேல். அத்தனையும் ஒரே தட்டில்.

தொடக்கத்தில் எனக்கு அது பிடிக்கவில்லை. கிளாம் மெட்டல் என்ற ஆடம்பரத் தோற்றமுள்ள ராக் இசை வகை என்றாலே தலைமுடியும் பளபளப்பும்தான் என்று எண்ணியிருந்தேன்; இந்த ஆல்பமோ ஒலியிலும் அளவுக்கு மீறி மெருகேற்றப்பட்டதாகத் தோன்றியது. டிரம்ஸ் மட்டும் ஏன் இவ்வளவு சிக்கனமாக, அடிக்கும் அடிக்கும் நடுவே இத்தனை இடம் விட்டு ஒலிக்கிறது என்று ஒருநாள் அவரிடம் கேட்டேன். அவர் தட்டை நிறுத்திவிட்டு, டிரம்ஸ் கலைஞர் ரிக் ஆலனைப் பற்றிச் சொன்னார்.

1984 டிசம்பர் 31 அன்று, ஷெஃபீல்டுக்கு மேற்கே ஏ57 சாலையில் நேர்ந்த கார் விபத்தில், 21 வயதே ஆன ஆலன் தம் இடது கையை இழந்தார். மருத்துவர்கள் மீண்டும் பொருத்திய கையையும் நோய்த்தொற்றினால் அகற்ற வேண்டியதாயிற்று. குழுவினர் வேறொருவரை அமர்த்திக்கொள்ளாமல் அவருக்காகக் காத்திருந்தார்கள். அவரும் இடது கை செய்து வந்ததை இடது காலால் செய்யும்படி, மிதிகட்டைகள் பொருத்திய மின்னணு டிரம்ஸ் அமைத்துக்கொண்டு, முதலிலிருந்து பயின்றார். 1986 ஆகஸ்டில் டோனிங்டன் திடலில் பெருங்கூட்டத்தின் முன் வாசித்தார்.

சில ஆண்டுகள் டிரம்ஸ் பயின்றவன் என்பதால், அன்றிரவே இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மிக எளிய தாளம் ஒன்றைக் கால்களால் முயன்று பார்த்தேன். வழக்கமாக இடது கை அடிக்கும் ஸ்நேர் டிரம்மின் அடி விழ வேண்டிய இடத்தில், நான்காவது சுற்றுக்குள்ளாகவே என் இடது கால் வலது காலைப் பின்தொடரத் தொடங்கிவிட்டது. உடல் பழகிய ஒன்றை மறக்கச் செய்து வேறொன்றைப் பழக்குவது எவ்வளவு கடினம் என்பதை அப்போதுதான் என் கால்கள் உணர்ந்தன. ஆல்பத்தின் டிரம்ஸ் ஒலிகள் பெரும்பாலும் தனித்தனியே பதிவுசெய்யப்பட்டுக் கணினியில் கோக்கப்பட்டவை என்பதைப் பிற்பாடு அறிந்தேன். அதனால் என் மதிப்பு குறையவில்லை.

தயாரிப்பாளர் மட் லேஞ்ச் அந்த ஆல்பம் முழுவதையும் அப்படித்தான், துண்டு துண்டாகக் கட்டினார். பல தந்திகளை ஒருசேர மீட்டி எழுப்பும் கிட்டார் கார்டுகளைக்கூடச் சில இடங்களில் ஒவ்வொரு தந்தியாகத் தனித்தனியே பதிவுசெய்தார்கள். அவர் களைத்து விலகியதும், வேறொரு தயாரிப்பாளரான ஜிம் ஸ்டைன்மனோடு தொடங்கிய வேலை கைவிடப்பட்டதும், லேஞ்ச் திரும்பி வந்ததுமாகக் காலம் நீண்டு, 1987 ஆகஸ்ட் 3 அன்றுதான் ஆல்பம் வெளியானது. பதிவு முடியும் தறுவாயில், ஓய்வு நேரத்தில் பாடகர் ஜோ எலியட் கிட்டாரில் மீட்டிக்கொண்டிருந்ததை லேஞ்ச் கேட்டதிலிருந்து பிறந்த ‘போர் சம் சுகர் ஆன் மீ’ பாடல் 1988-இல் அமெரிக்காவில் பரவிய பிறகே, அங்கே ஆல்பம் முதலிடத்தைத் தொட்டது.

ஆயினும் என்னை முழுமையாக வென்றது, இரண்டாம் பக்கத்தின் முதல் பாடலான ‘காட்ஸ் ஆஃப் வார்’. அன்றைய அமெரிக்க அதிபர் ரேகன், பிரிட்டன் பிரதமர் தாட்சர் ஆகியோரின் குரல்களோடு முடியும் அந்தப் பாடலில் குழுவின் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் கிளார்க்கின் வாசிப்பு தனித்துத் துலங்குவதாக எனக்குப் படுகிறது. இதற்கு அடுத்த ஆல்பம் வெளிவருமுன்பே, 1991 ஜனவரியில், 30 வயதில் கிளார்க் இறந்துபோனார். பெரியவர் தட்டைத் திருப்பி வைத்த பின், அந்தப் பாடல் முடியும்வரை தேநீர்க் கோப்பையைக்கூடத் தொடமாட்டார். சில வாரங்களில் நானும் அப்படியே உட்காரத் தொடங்கியிருந்தேன்.