மறுமொழி: ‘புரத நனோக்காவி’ – ஏன் ‘காவி’?

அன்புள்ள அண்ணாவுக்கும் கலைச்சொற் குழும நண்பர்களுக்கும் வணக்கம்.

நேற்று மதுரையிலிருந்து நீங்கள் கேட்டது:

> மஞ்சளில் உள்ள குர்குமின் போன்றவற்றை உணவு வழியாக உடலுக்குள் கொண்டுபோகும் புரதத் துகளுக்கு என்ன பெயர் வைக்கலாம்? ‘கடத்தி’ சரியாக இருக்குமா? ‘காவி’ என்றால் எங்கள் பக்கம் நிறம்தான் நினைவுக்கு வரும்.

‘கடத்தி’ வேண்டாம் அண்ணா. பௌதிகவியல் படிக்கும் பிள்ளைக்கு அது செப்புக்கம்பி. ‘தாங்கி’யும் எங்களுக்கு ஒத்துவராது, இங்கே தாங்கி என்றால் தண்ணீர்த் தாங்கிதான்.

‘காவி’ எப்படி வந்தது என்று சொல்கிறேன். கிளிநொச்சியில் உயர்தரப் பிள்ளைகளுக்கு உணவுத் தொழினுட்பம் படிப்பிக்கிறேன். சோளத்தில் உள்ள ஸெயின் என்ற புரதம் தண்ணீரில் கரையாது, 70 – 80 வீத எதனோலில் கரையும். குர்குமினும் எதனோலில் கரையும். இரண்டையும் சேர்த்துக் கரைத்து, வேகமாகச் சுழலும் தண்ணீருக்குள் ஊற்றவேண்டும். எதனோல் ஐதாக ஐதாக, ஸெயின் கரைசலில் நிற்க மாட்டாமல் மிகச் சிறிய உருண்டைகளாகத் திரளும். திரளும்போதே குர்குமினையும் உள்ளே பிடித்துக்கொள்ளும். தனியே விட்டால் குர்குமின் தண்ணீரோடு சேராது, காரத்தன்மையில் விரைவில் சிதையும், குடலிலும் சரியாக உறிஞ்சப்படாது. புரதத்துக்குள் இருந்தால் தண்ணீரில் பரவி நிற்கும், சிதைவும் குறையும்.

இதைக் கரும்பலகையில் ‘விநியோக முறைமை’ என்று எழுதியிருந்தேன். பின்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை, “அப்ப புரதம் குர்குமினைக் காவிக்கொண்டு போகுது, என்ன சேர்?” என்று கேட்டாள். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

வன்னியில் காவுதல் அன்றாடம் புழங்கும் வினை. கிணற்றிலிருந்து தண்ணீர் காவுவார்கள், வயலுக்கு விதைநெல் மூட்டை காவுவார்கள். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு எடுக்கும் காவடியிலும் அந்தக் காவுதல்தான் இருக்கிறது. சங்கப் பாடல்களிலும் உள்ள வினை என்பதால் இது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய சொல் அல்ல. உங்கள் பக்கம் பேச்சில் தேய்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

நுளம்பை ‘நோய்க்காவி’ என்று இங்கே பாடநூல்கள் சொல்வதால் ‘காவி’க்குக் கெட்ட வாடை வந்துவிட்டது என்று வவுனியா அக்கா எழுதியிருந்தார். அந்த வாடை ‘நோய்’ என்ற சொல்லுடையது அக்கா. காவுவதில் நல்லதும் கெட்டதும் இல்லை, எதைக் காவுகிறது என்பதில்தான் இருக்கிறது.

அக்கா தந்த ‘நுண்பொதி’ அழகான சொல். ஆனால் பொதி என்றால் வெளியே ஓர் உறை, உள்ளே ஒரு பொருள். ஸெயின் உருண்டையில் அப்படித் தனி உறை கிடையாது, குர்குமின் உருண்டை முழுக்கப் பரவிக் கிடக்கும். பால் திரைந்தால் பிரியும் தெளிநீரில் உள்ள பீட்டா-லக்டோகுளோபுலின் என்ற புரதம் இன்னும் வேறு மாதிரி. அதன் ஒற்றை மூலக்கூற்றிலேயே ஒரு குழி உண்டு, விற்றமின் ஏ அதற்குள் போய் ஒட்டிக்கொள்ளும். பொதி, உருண்டை, குழி எதுவானாலும் ‘காவி’ பொருந்தும். உறை உள்ளவற்றுக்கு மட்டும் ‘நனோப்பொதி’யை வைத்துக்கொள்வோம்.

எந்த அளவு வரை ‘நனோ’ எனலாம் என்றும் ஒரு கேள்வி இருந்தது. கண்டிப்பான கணக்கில் 1 முதல் 100 நனோமீற்றர் (ஒரு நனோமீற்றர் என்பது மீற்றரில் நூறு கோடியில் ஒரு பங்கு) வரைதான் நனோ. ஆனால் உணவுத்துறையில் சில நூறு நனோமீற்றர் உள்ளவற்றையும் அப்படியே அழைக்கிறார்கள். பாலில் கேசீன் என்ற புரதம் திரண்டு நிற்கும் நுண்ணுருண்டையே (மைசெல்) சராசரியாக 150 – 200 நனோமீற்றர் வரும். தண்ணீரில் லேசில் கரையாத கல்சியம் பொசுபேற்றைக் கன்றுக்குக் காவிக் கொடுப்பது அதுதான். எங்கள் எருமைப்பாலில் இயற்கை முன்பே நனோக்காவி செய்து வைத்திருக்கிறது! அதனால் அளவில் இறுக்கம் வேண்டாம், ‘நனோ’ இருக்கட்டும்.

‘particle’ என்பதற்குத் துணிக்கையா துகளா? இங்கே துணிக்கை, அங்கே துகள், இரண்டும் நம் சொற்பட்டியலில் நிற்கட்டும். குர்குமின் போன்ற ‘bioactive compound’ என்பதற்கு ‘உயிர்ப்பான சேர்மம்’ மட்டும் வேண்டாம், சேர்மத்துக்கே உயிர் இருப்பதுபோல் ஒலிக்கிறது. ‘உயிர்ச்செயற் சேர்மம்’ போதும்.

‘நனோக்காவி’க்கு முன்னால் ‘புரத’ கட்டாயம் வேண்டும். பால் புரதம் ஒவ்வாத பிள்ளையின் தாய் உணவுப் பொட்டலத்தின் சிட்டையில் முதலில் தேடுவது அந்தச் சொல்லைத்தான்.

உரிய இடத்தில் கொண்டுபோய்க் கொடுக்கும் செயலுக்கு ‘கொண்டுசேர்ப்பு’ என்பது என் விருப்பம். காவினால் மட்டும் போதாது. இரைப்பையின் அமிலத்தையும், அங்கே புரதத்தை உடைக்கும் பெப்சினையும் தாண்டி, சிறுகுடலில் புரதம் சமிபாடடையும்போது உள்ளே இருப்பது வெளியே வரவேண்டும். சேரவேண்டிய இடத்தில் சேராவிட்டால் காவியும் என்ன பயன்?

அன்புடன்,
கிளிநொச்சியிலிருந்து

—

தம்பி, ‘நனோக்காவி’ என்று சேர்த்து வாசித்தால் நிறம் நினைவுக்கு வரவில்லை. சம்மதம். அப்புறம், காவப்படும் பொருளுக்கு ஒரு சொல் வேண்டாமா? ‘சரக்கு’ என்று போட எனக்கு மனமில்லை.

—

அண்ணா, ‘காவுபொருள்’ என்று வைப்போமா? செய்பொருள், விளைபொருள் போல. வசனத்தில் வைத்துப் பார்த்தேன்: ‘ஸெயின் புரத நனோக்காவியில் காவுபொருள் குர்குமின், கொண்டுசேர்ப்பு சிறுகுடலில்.’ நாளைக்கு இதையே பலகையில் எழுதுகிறேன். பிள்ளைகள் தடக்காமல் வாசிக்கிறார்களா என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.