ஏற்காட்டில் அம்மா, சேலத்தில் சர்வர்: தொலைக்காட்சிப் பதிவுக்கு இவ்வளவு ஏற்பாடு தேவையா?

அஸ்தம்பட்டிக்காரன்:
என் தாயார் ஏற்காட்டில் எஸ்டேட் வீட்டில் தனியே இருக்கிறார். டிடி தமிழில் வரும் கச்சேரிகள் அவருக்கு உயிர். (2024 ஜனவரியில் பெயர் மாறியதை அவர் இன்னும் ஏற்கவில்லை, அவருக்கு அது பொதிகைதான்.) கச்சேரி தொடங்கும் நேரத்தில் மலையில் மின்சாரம் போய்விடுகிறது, அல்லது அவர் தோட்டத்தில் நிற்கிறார். எனவே சேலத்து வீட்டின் மொட்டைமாடியில் தூர்தர்ஷனின் இலவச செயற்கைக்கோள் சேவையான டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்கு ஒரு டிஷ் வைத்து, பழைய மேசைக்கணினியில் டிஷ் சிக்னலைப் பிடிக்கும் டிவிபி-எஸ்2 டியூனர் கார்டைச் செருகி, டிவிஹெட்எண்ட் என்ற மென்பொருள் மூலம் பதிவு செய்து, வீட்டு சர்வரிலிருந்து படங்களை அனுப்பும் ஜெல்லிஃபின் மென்பொருள் வழியாக நேரலையும் பதிவும் மலைக்குச் செல்லும்படி அமைக்க எண்ணியுள்ளேன். இணைய இணைப்பில் வெளியிலிருந்து அணுகும்படி எனக்கெனத் தனி ஐ.பி. முகவரி கிடையாது. ஆகையால் வயர்கார்டு சுரங்கம் (இரு வீடுகளையும் இணைக்கும் பூட்டிய இணையப் பாதை) ஒன்றும் போட வேண்டும். நான் கவனிக்கத் தவறியது எது என்று சொல்லுங்கள்.

காப்பித்தோட்டம்:
நான் ஏற்காட்டிலேயே இருப்பவன் என்பதால் வெளிப்படையாகவே சொல்கிறேன்: அடிப்படையே பிழை. ஃப்ரீ டிஷ் வருகிற ஜிசாட்-15 செயற்கைக்கோள் கிழக்கு 93.5 பாகையில் நிற்கிறது. அது சேலத்துக்கு வெண்ணெயும் ஏற்காட்டுக்குச் சுண்ணாம்பும் வைக்கவில்லை. உங்கள் தாயாரின் கூரையில் இலவசமாக விழுகிற சிக்னலை அடிவாரத்தில் பிடித்து, இணையத்தில் ஏற்றி, 20 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே அனுப்புவது எதற்காக? யுஎஸ்பி துளையுள்ள சாதாரண செட்டாப் பாக்ஸ் ஒன்றை வாங்கிக் கொடுத்தால் பென் டிரைவிலேயே பதிவாகிவிடும். மின்கணக்கையும் பாருங்கள். மேசைக்கணினி சும்மா இருக்கும்போதே 40 வாட் இழுக்கும் என்று வைத்தால், இரண்டு மாதத்தில் 58 யூனிட். அரசு இலவசமாகத் தரும் 100 யூனிட்டில் பாதிக்கு மேல் கச்சேரி கேட்காத நேரத்திலேயே கரைந்துவிடும்.

அஸ்தம்பட்டிக்காரன்:
மின்கணக்கை ஒப்புக்கொள்கிறேன், அதை நான் போட்டுப் பார்க்கவில்லை. ஆனால் அதற்கு வழி உண்டு: பதிவு நேரத்துக்குச் சற்று முன் கணினி தானாக விழித்துக்கொண்டு, முடிந்ததும் உறங்கும்படி லினக்ஸில் அமைக்கலாம். 10 வாட் சிறு கணினி என்றால் நாள் முழுதும் ஓடினாலும் இரண்டு மாதத்துக்கு 14 யூனிட்தான் ஆகும்.
பென் டிரைவ் யோசனையை மட்டும் ஏற்க முடியவில்லை. மலையில் மின்சாரம் போனால் அந்தப் பாக்ஸும் அணைந்துவிடும் என்பதுதானே என் சிக்கலே? மேலும் எழுபத்திரண்டு வயதானவர் ரிமோட்டைக் கண்ணருகில் பிடித்து நேரத்தையும் தேதியையும் எண்ணெண்ணாக அழுத்திப் பதிவு வைக்க வேண்டும். டிவிஹெட்எண்டில் நிகழ்ச்சியின் பெயரையோ நேரத்தையோ ஒருமுறை விதியாக எழுதிவிட்டால், முன்னே இரண்டு நிமிடம் பின்னே பத்து நிமிடம் கூட்டிக்கொண்டு அதுவே பதிந்துகொள்ளும். சேலத்தில் இன்வெர்ட்டர் இருக்கிறது.

செவ்வாய்ப்பேட்டை டிஷ்:
இருபது ஆண்டுகளாக டிஷ் பொருத்துகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். இருவரும் சர்வரைப் பற்றியே பேசுகிறீர்கள். கெடுவதெல்லாம் கூரைமேல்தான் கெடும். போன ஐப்பசியில் மலையில் ஒரு வீட்டில் சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. டிஷ்ஷின் முன்னே சிக்னலை வாங்கும் எல்.என்.பி.யிலிருந்து கேபிளைக் கழற்றினால் நடுவிலிருந்த செம்புக் கம்பி பச்சை பூத்து, கனெக்டருக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றது. மழை அல்ல, பனிமூட்டம் செய்த வேலை. அங்கே டிஷ் வைப்பதானால் கனெக்டருக்கு மேல் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, கேபிளைக் கீழ்நோக்கி ஒரு வளையம் விட்டுத்தான் மேலேற்ற வேண்டும். சில்வர் ஓக் மரத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. நம் பகுதியில் ஜிசாட்-15 தென்கிழக்கில் ஏறத்தாழ 67 பாகை உயரத்தில் இருப்பதால், வீட்டை ஒட்டி நிற்கும் மரம் மட்டுமே மறைக்கும்.
இன்னொன்று. இணையத்தில் இதற்கென உள்ள காணொளிகளில் பல, எச்டிஹோம்ரன் என்ற டியூனர் பெட்டியை வாங்கச் சொல்லும். அது அமெரிக்கர் கூரை ஆண்டெனாவில் பெரிய அலைவரிசைகளை இலவசமாகப் பிடிக்கும் ஊருக்கானது. இங்கே தனியார் அலைவரிசைகளுக்குத் தரைவழி ஒளிபரப்பு உரிமை தரப்பட்டதே இல்லை. கட்டண அலைவரிசை எதுவாயினும் பூட்டிய சிக்னல்தான், உங்கள் கார்டு அதைத் திறக்காது. கச்சேரியோடு தாயார் நிறுத்துவாரா? அடுத்த வாரம் சீரியல் கேட்பார். அப்போது கேபிள் பாக்ஸின் எச்டிஎம்ஐ வெளியீட்டை, வரும் படத்தை அப்படியே கணினியில் பதியும் கேப்சர் கார்டில் கொடுப்பது தவிர வழியில்லை.

சூரமங்கலம்:
கடைசி வரியில்தான் எனக்கு மறுப்பு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 37ஆம் பிரிவு ஒளிபரப்புக்கென ஓர் உரிமையைத் தருகிறது; 39ஆம் பிரிவு, பதிவு செய்பவரின் சொந்தப் பயனுக்கான பதிவை அதன் மீறலாகக் கொள்வதில்லை. ஃப்ரீ டிஷ் பதிவு அதற்குள் அடங்கும் என்பதே என் கருத்து. ஆனால் எச்டிஎம்ஐயில் வரும் படத்துக்குக் காப்புப் பூட்டு இருக்கும். அதைக் கழற்றும் கருவியை இடையில் வைத்தால், 2012இல் சேர்க்கப்பட்ட 65அ பிரிவின் வாசலுக்கு வந்துவிடுகிறீர்கள்.

செவ்வாய்ப்பேட்டை டிஷ்:
அந்தப் பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பவரைத்தானே தண்டிக்கிறது? தாய்க்குச் சீரியல் காட்டுவது அந்த நோக்கமா, ஐயா?

சூரமங்கலம்:
நோக்கம் என்ற சொல் அதில் இருப்பது உண்மை. அந்த அளவுக்கு உங்கள் பக்கம் நியாயம் உண்டு. ஆனால் சட்டம் சொல்வது பதிவு செய்பவரின் சொந்தப் பயன். மகன் ஒரு வீட்டில் பதிந்து, தாய் வேறு வீட்டில் பார்ப்பதையே சற்று நீட்டித்துத்தான் அதற்குள் கொண்டுவருகிறோம். பூட்டையும் கழற்றி அந்த நீட்டிப்பையும் கேட்பது இரட்டைச் சவாரி. எஸ்டேட்டில் பக்கத்து வீட்டாருக்கும் கடவுச்சொல் கொடுத்தால் பேச்சுக்கே இடமில்லை.

காப்பித்தோட்டம்:
சட்டம் இருக்கட்டும். ஒரு கார்டில் ஓர் அலைவரிசைதானே வரும்? தாயார் செய்தி பார்க்கும்போது கச்சேரி எப்படிப் பதிவாகும்?

அஸ்தம்பட்டிக்காரன்:
ஒரே டிரான்ஸ்பாண்டரில் (பல அலைவரிசைகளைச் சேர்த்து அனுப்பும் செயற்கைக்கோள் கருவி) வரும் அலைவரிசைகள் அனைத்தையும் ஒரு டியூனர் ஒரே நேரத்தில் தரும். வேறு டிரான்ஸ்பாண்டர் என்றால்தான் இரண்டாவது டியூனர் வேண்டும்.
வேறொரு தொல்லையை நானே சோதனையில் கண்டேன். நண்பர் வீட்டு டிஷ்ஷில் பதிந்த வயலின் கச்சேரியை மடிக்கணினியில் ஓட்டியபோது, வில் இழுக்கும் கை மட்டும் சீப்புப் பல் போலக் கோடு கோடாகச் சிதறியது. முகமும் மேடையும் தெளிவாக இருந்தன. ஒளிபரப்பில் படத்தின் ஒற்றைப்படை வரிகளும் இரட்டைப்படை வரிகளும் மாறி மாறி வருவதால், ஓட்டும் செயலி அவற்றை இணைக்காவிட்டால் அசையும் இடமெல்லாம் இப்படி ஆகும். உலாவியில் பார்ப்பதானால் சர்வரே படத்தை மாற்றிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. எம்பெக்-2 என்ற பழைய வடிவில் வரும் படத்தை உலாவிகள் ஓட்டுவதில்லை. தொலைக்காட்சிப் பெட்டியில் கோடி (Kodi) என்ற செயலியை வைத்தால் இரண்டு வேலையையும் அதுவே செய்துகொள்கிறது.

காப்பித்தோட்டம்:
அப்படியானால் ஜெல்லிஃபின் எதற்கு? உங்கள் வாயாலேயே வந்துவிட்டது. நேரலைக்குத் தாயார் வீட்டிலேயே ஒரு டிஷ்ஷும் பாக்ஸும் போதும். பதிவு மட்டும் சேலத்தில் நடக்கட்டும். அதையும் நேரடியாக ஓட விடாதீர்கள், இங்கே மாலையில் இணையம் நத்தை வேகத்தில் ஊரும். பதிவு விநாடிக்கு 3 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரக் கச்சேரி 1.35 ஜிபி. நள்ளிரவில் 2 மெகாபிட் கிடைத்தாலும் ஒன்றரை மணி நேரத்தில் கோப்பு வந்து சேர்ந்துவிடும். மறுநாள் இணையம் இல்லாவிட்டாலும் ஓடும்.

அஸ்தம்பட்டிக்காரன்:
இரவில் நகலெடுக்கும் யோசனையை எடுத்துக்கொள்கிறேன். ஜெல்லிஃபினை விடப்போவதில்லை, நான் பார்க்க வேண்டாமா? கேப்சர் கார்டு இப்போதைக்கு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மலைக்கு வருகிறேன். செவ்வாய்ப்பேட்டை ஐயா, அந்த ரப்பர் டேப் எந்தக் கடையில் கிடைக்கும்?

செவ்வாய்ப்பேட்டை டிஷ்:
வாங்க வேண்டாம், என்னிடம் இருக்கிறது. காலை எட்டு மணிக்கு முன் பனி விலகாது, ஓடு வழுக்கும். ஒன்பது மணிக்கு மேல் ஏறலாம்.