தலைநகர் கொழும்புக்குப் போய் மழையில் மாட்டின கதை இருந்தால் எழுதுங்கோ

நீர்வேலியான்:
வைகாசிக் கடைசி. இங்கே யாழ்ப்பாணத்தில் சோளகக் காற்று புழுதியை அள்ளி வீசிக்கொண்டிருந்தது. இரவு பஸ் எடுத்து விடிய வெள்ளவத்தையில் இறங்கினால், முன்னால் நிற்கிற ஆள் தெரியாத மழை. அதை விடுங்கோ. சொல்ல வந்தது பத்தரமுல்லைக்குப் போகும் 177 பஸ்ஸுக்கு நின்ற இடத்தைப் பற்றி. கையில் மட்டை ஃபைல், உள்ளே பிறப்புச் சான்றிதழின் மூலப்பிரதி. மட்டை ஊறத் தொடங்கிவிட்டது. சேர்ட்டுக்குள் வைக்கலாமென்றால் சேர்ட் அதைவிட ஈரம்.

பக்கத்தில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு வயதான சிங்கள ஐயா. கையில் சொப்பிங் பைக்குள் ஒரு இறாத்தல் பாண். என் ஃபைலைப் பார்த்தார். ஒன்றும் கதைக்கவில்லை. பாணை வெளியே எடுத்தார், பையைக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டித் தூளைக் கொட்டினார், ஃபைலை வாங்கி உள்ளே இறக்கி, வாயை முறுக்கி முடிச்சுப் போட்டுத் தந்தார். பாணைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தன் பஸ்ஸில் ஏறிவிட்டார். நான் "ஸ்தூதி" என்று நன்றி சொல்ல வாய் திறக்க முதல் பஸ்ஸை எடுத்துவிட்டான். சான்றிதழில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. ஆனால் அன்று அந்த வீட்டில் எந்தப் பாணைச் சாப்பிட்டிருப்பார்கள்?

கொக்குவில் சந்தி:
முதலில் ஒரு திருத்தம். தலைநகர் என்றால் ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டே. பாராளுமன்றம் 1982 இலேயே அங்கே போய்விட்டது. 177 ராஜகிரியவைத் தாண்டும்போதுதான் நீங்கள் தலைநகரைப் பார்த்திருப்பீர்கள்.

அடுத்தது, வைகாசி மழையெல்லாம் ஒரு மழையா? ஐப்பசியில் போய்ப் பாருங்கோ. இரண்டு பருவக்காற்றுக்கும் இடைப்பட்ட காலம். காலையில் நல்ல வெயில் அடிக்கும், மத்தியானம் தாண்ட மேகம் கறுத்துக் கட்டும், பின்னேரம் இடி மின்னலோடு கொட்டும். அப்படி ஒரு பின்னேரம் ராஜகிரியவில் நானும் அம்மாவும் லிஃப்டில் நிற்கும்போது ஒரு இடி, கரண்ட் போய்விட்டது. கும்மிருட்டு. அம்மா "முருகா!" என்று கத்திவிட்டார். இருட்டுக்குள் ஒரு பெடியனின் குரல், "கத்தரகம தெய்யோத, அம்மே?" (கதிர்காமக் கடவுளா, அம்மா?) அம்மாவுக்குத் தெரிந்த சிங்களம் கதிர்காமம் மட்டும். "ஓம் ஓம்" என்றார். வெளிச்சம் வந்து பார்த்தால் அவனுடைய கையை இறுக்கிப் பிடித்தபடி நிற்கிறார். கழுத்தில் டை கட்டின பெரிய உத்தியோகக்காரன்.

அரியாலை அக்கா:
கோட்டேயோ கொழும்போ, தம்பி, நனைவது ஒரே மாதிரித்தான். ஆனால் இரண்டு பேரும் கொழும்பு என்றால் மழைதான் என்கிற மாதிரி எழுதுகிறீர்கள். தை, மாசியில் போயிருக்கிறீர்களா? இங்கே வாடைக் காற்று அடித்து வல்வெட்டித்துறையில் பட்டம் ஏற்றுகிற நாட்களில் வெள்ளவத்தைக் கடல் குளம் போலக் கிடக்கும்.

பேத்தியை நான் கூட்டிக்கொண்டு போனது ஆடியில், அது வேறு கதை. பிள்ளை பண்ணைக் கடலைத் தவிர வேறு கடல் கண்டதில்லை. காலிமுகத்திடலில் அலை சுவரில் அடித்து எங்கள் தலைக்கு மேலால் எழும்பியது. இறால் வடை எல்லாம் உப்புத் தண்ணீர். பிள்ளை அழவில்லை. என் சீலையைப் பிடித்துக்கொண்டு, "அம்மம்மா, இந்தக் கடலுக்கு ஆர் அடிச்சது?" என்று கேட்டது. நான் சோளகம், தென்மேல் பருவக்காற்று என்று விளக்கப் போனேன். அவள் கேட்டது அது இல்லை என்று பிறகுதான் பட்டது.

பெயர் வேண்டாம்:
எனக்கு வெள்ளத்தில் ஒரு சோடிச் சப்பாத்து போனது, அவ்வளவுதான். ஆனால் போகப்போகிறவர்களுக்குச் சில விசயம். சப்பாத்தைப் பையில் வையுங்கோ, ரப்பர் செருப்போடு இறங்குங்கோ. சான்றிதழ்களை நனையாமல் இருக்கட்டுமென்று லமினேட் பண்ண வேண்டாம், பிறகு அதில் முத்திரை குத்த முடியாது. சிப் இழுத்து மூடுகிற பொலித்தீன் உறை புத்தகக் கடைகளில் கிடைக்கும். வெயிலுக்கு இங்கே பிடிக்கிற குடை அங்கே காணாது, கடற்கரைப் பக்கம் காற்று அதைப் பிரட்டிவிடும். வைகாசி, ஆனியில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் கொண்டுபோகிறவர்கள் கடதாசிப் பெட்டியில் கட்ட வேண்டாம், அடி ஊறிக் கழன்றுவிடும். மிளகாய்த்தூளைப் போத்தலில் கொண்டுபோங்கோ, பையில் என்றால் கட்டிபட்டுவிடும். களனி ஆறு பெருகும் நாட்களில் நீர்ப்பாசனத் திணைக்களம் நாகலகம் வீதி நீர்மட்டத்தை அறிவிக்கும், அதைப் பார்க்காமல் கொலன்னாவைப் பக்கம் அறை எடுக்காதேங்கோ. கொழும்பில் வருசத்துக்குச் சராசரி 2,400 மில்லிமீற்றர் மழை, எங்களுக்கு ஏறத்தாழ அதில் பாதி, அதுவும் பெரும்பாலும் ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள். சதுப்பு நிலத்தை நிரப்பிக் கட்டினால் தண்ணீர் எங்கே போகும்? 2010 நவம்பரில் பாராளுமன்றத்துக்குள்ளேயே வெள்ளம் வந்தது. கொக்குவில் தம்பியின் தலைநகருக்குள்தான்.

உரும்பிராய்:
ஆர் ஐயா குடை பற்றிக் கேட்டது? இந்தத் திரியில் கதைதானே கேட்டிருக்கிறார்கள்.

என்னுடையது 2025 நவம்பர் கடைசி, டித்வா புயல். வடக்கு ரயில் நின்றுவிட்டது. வெள்ளவத்தையில் பஸ் பதிகிற கடைக்குள் நாங்கள் ஒரு கூட்டம். கலாஓயாவில் பஸ் வெள்ளத்தில் சிக்கின செய்தி வந்தபிறகு ஒருவரும் "எப்ப பஸ்?" என்று கேட்கவில்லை. ஒருவர் மடியில் கேக் பெட்டியோடு இருந்தார், சாவகச்சேரியில் மகளுக்குப் பிறந்தநாளாம். இரவு ஒன்பதுக்கு மேல் எழும்பினார், கடைக்காரரின் மேசையில் கிடந்த அடிமட்டத்தைத் துடைத்தெடுத்து, "கிரீம் கரையுது, எல்லாரும் எடுங்கோ" என்று வெட்டத் தொடங்கினார். ஒரு துண்டை மட்டும் வெட்டாமல் போனில் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினார். என் துண்டில் மெஜந்தா நிறத்தில் "யா" என்ற எழுத்து. அந்தப் பிள்ளைக்கு என்ன பெயராக இருக்கும்? யாழினியா, பிரியாவா?

கொக்குவில் சந்தி:
பாராளுமன்றத்துக்குள் வெள்ளம் வந்ததால் அது தலைநகர் இல்லை என்று ஆகிவிடுமா?

நீர்வேலியான்:
லமினேட் விசயம் சரி, எனக்கும் அங்கே அதைத்தான் சொன்னார்கள். ஆனால் சிப் உறை எல்லாம் வேண்டாம். நான் இப்போது பாண் பைதான் கொண்டுபோகிறேன். வாற மாதமும் ஒரு அலுவல் இருக்கிறது, 177 இப்பவும் கொள்ளுப்பிட்டியிலிருந்துதானே?

அரியாலை அக்கா:
ஓம் தம்பி. நேரத்தோடு போங்கோ, பின்னேரத்துக்கு வைக்காதேங்கோ.