வாட்ச்னா காவலா, முறையா?

அண்ணா, உங்க கலைச்சொல் பட்டியல்ல பாய்மரக் கப்பல் ‘வாட்ச்’சுக்கு (watch, மாலுமிங்க மாறி மாறிப் பார்க்குற வேலை நேரம்) நீங்க ‘கடற்காவல்’னு போட்டிருந்தீங்க, படிச்சதும் எனக்குத் துப்பாக்கியோட நிக்கிற கோஸ்ட் கார்டுதான் கண்ணுல வந்தாங்க. 19ஆம் நூற்றாண்டு சரக்குக் கப்பல்ல அந்த வார்த்தைல காவல் காக்குறது ஒரு ஓரத்துலதான் இருக்கு. மிச்சமெல்லாம் பாய் இழுக்குறது, சுக்கான் பிடிக்கிறது, பம்ப் அடிக்கிறது, தளத்தைக் கல்லு வச்சுத் தேய்க்கிறதுன்னு சுத்தமான கூலி வேலை.

‘கட்டி சார்க்’ (Cutty Sark)ங்குற பிரிட்டிஷ் சரக்குக் கப்பலையே எடுத்துக்குங்க. 1869ல கடல்ல இறக்குனது, முதல்ல சீனாத் தேயிலை, அப்புறம் ஆஸ்திரேலியாக் கம்பளி. மூணு பாய்மரம், ஆளு முப்பது பேர் பக்கம்தான். அந்தக் காலத்து பிரிட்டிஷ் கப்பல்ல வழக்கமா மாலுமிங்களை ரெண்டாப் பிரிச்சு, இடப்பக்கக் கூட்டத்தை ‘மேட்’டுக்கும் (mate, கேப்டனுக்கு அடுத்த அதிகாரி) வலப்பக்கக் கூட்டத்தை அவருக்கு அடுத்த ‘செகண்ட் மேட்’டுக்கும் குடுத்துடுவாங்க. நாலு மணி நேரம் இவங்க மேல்தளத்துல வேலை, அடுத்த நாலு அவங்க. அரைமணிக்கு ஒருதரம் மணி அடிப்பாங்க, எட்டு அடி விழுந்தா ஆள் மாறணும். சுக்கான் விடுறவன் திசையைச் சொல்லணும், பிடிக்க வந்தவன் அதையே திருப்பிச் சொல்லணும், அப்பதான் கை மாறும். விட்டவன் ஈரத் துணியோட போய்ப் படுத்தா தூக்கம் மிஞ்சி மிஞ்சி மூணரை மணி நேரம், நடுவுல புயல் வந்து பாயைச் சுருட்ட எல்லாரையும் கூப்பிட்டா அதுவும் போச்சு.

இப்ப சிக்கல் எங்கன்னா, அந்த நாலு மணி நேரமும் ‘வாட்ச்’தான், அந்தக் கூட்டமும் ‘வாட்ச்’தான். நமக்கு ரெண்டு சொல் வேணும். சாமம்னு போன வாரம் ஒருத்தர் சொன்னார், கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா சாமம்னா ஏழரை நாழிகை, மூணு மணி நேரம், நாளைக்கு எட்டு வரும், கப்பல் கணக்குக்கு ஒட்டாது. (சாமக்கோடங்கி வேற வந்து நிப்பான்.)

என் ஓட்டு ‘முறை’க்கு. எங்க ஊர்ல கிணத்துப் பங்கு இருக்குறவங்க ‘இன்னிக்கு ராத்திரி நம்ம முறை’ன்னு மம்பட்டிய எடுத்துக்கிட்டுக் கிளம்புவாங்க, தூங்கவும் முடியாது, அடுத்தவனுக்கு விடவும் முடியாது. கப்பல்ல நடந்ததும் அதேதானே? நேரத்துக்கு முறை, கூட்டத்துக்கு முறையார். கோயில்லகூட முறைக்காரர்னு சொல்றோமே.

‘முறைன்னா முறைமாமன் ஞாபகம் வருதேப்பா, இடமுறையார் வலமுறையார்ங்குறதுக்கு இடங்கை வலங்கைன்னே வச்சுட்டா பழைய சொல்லாச்சே’ன்னு நீங்க எழுதினதுக்கும் இதுலயே பதில் போட்டுடறேன். வேண்டாம்ணே. 1707ல மெட்ராஸ்ல இடங்கை, வலங்கைங்குற ரெண்டு சாதி அணியும் தெருவுக்காக அடிச்சுக்கிட்ட கதை தெரிஞ்சவன் கப்பல்லயும் சாதிச் சண்டைன்னு நினைச்சுக்குவான். முறைமாமனைப் பத்திக் கவலை இல்ல, ‘நடுராத்திரி முறை’ன்னு எழுதினா யாரும் மாமனைத் தேட மாட்டாங்க. (தளமுறைன்னும் யோசிச்சேன், டைப் பண்றவங்க தலைமுறை ஆக்கிடுவாங்கன்னு விட்டுட்டேன்.)

அப்புறம் அந்த ‘டாக் வாட்ச்’ (dog watch), சாயங்காலத்து ரெண்டு மணி நேர வாட்ச். தயவுசெஞ்சு ‘நாய்க்காவல்’ வேண்டாம், நாய்க்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லாம படிக்கிறவன் கப்பல்ல நாயைத் தேடுவான். நாளை நாலு நாலு மணியா வெட்டினா ஆறு முறை, ரெட்டைப்படை, அதனால ஒரே கூட்டம்தான் தினமும் ராத்திரி 12லேர்ந்து 4 வரை மாட்டும். அதுக்காகத்தான் சாயங்காலம் 4லேர்ந்து 8ஐ ரெண்டு ரெண்டு மணியா உடைச்சாங்க, மொத்தம் ஏழாச்சு, ஒத்தைப்படை, இன்னிக்கு நடுராத்திரி நின்னவன் நாளைக்கு அந்த நேரத்துல தூங்குவான். ரெண்டு மணி நேரம்ங்குறதால ‘அரைமுறை’, முதல் அரைமுறை, ரெண்டாம் அரைமுறை, அவ்வளவுதான்.

இன்னொண்ணு, பட்டியல்ல ‘ஐட்லர்’ங்குறதுக்கு ‘சும்மா இருப்பவர்’னு இருக்கு, அதை முதல்ல எடுத்துடுங்க. அவங்க தச்சர், பாய் தைக்கிறவர், சமையல்காரர். பகல் பூரா வேலை, ராத்திரி முழுத் தூக்கம், முறைக்குள்ள வராததாலதான் மத்தவங்க வயித்தெரிச்சல்ல அந்தப் பேரை வச்சாங்க போல. ‘பகலாள்’னு வைக்கலாமான்னு பாருங்க, அந்த வயித்தெரிச்சல் மட்டும் அதுல வரல, அதுக்கு வேற சொல் தோணினா சொல்லுங்க.