தினமும் வேதம் வாசித்தும் கவலை தீரவில்லை, எங்கே தவறுகிறேன்?

காலையில் நாலு அதிகாரம் வாசிக்கிறேன். மாசக் கடைசி வந்தால், தேவன் தருவார் என்கிற நம்பிக்கை ஆட்டம் காண்கிறது. வாசிக்கிற முறையை மாற்றணுமா?

பதில் 1
மாற்றணும் சகோதரி. நாலு அதிகாரம் ஓடிப்போகும், உள்ளே இறங்காது. ஒரு வாரம் முழுக்க மத்தேயு 6:25-34 மட்டும் போதும். சத்தமாக வாசியுங்கள். 'கவலைப்படாதிருங்கள்' 25, 31, 34 மூன்றிலும் வரும், கோடு போடுங்கள். 25ஆம் வசனம் 'ஆகையால்' என்று தொடங்குவதால் 24ஐயும் சேர்த்துப் படிக்கணும். தேவன், பணம் என்கிற இரண்டு எஜமான்களுக்கு ஊழியம் செய்ய முடியாது என்பது அங்கேதான் இருக்கிறது. அதை விட்டால் மீதி வெறும் ஆறுதலாகிவிடும்.

பதில் 2
அடுத்த வாரம் யாத்திராகமம் 16. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குத் தேவன் தந்த உணவுதான் மன்னா, தலைக்கு ஒரு ஓமர் என்கிற அளவு. மறுநாளுக்கென்று வைத்தது பூச்சி பிடித்து நாறியது. ஆறாம் நாள் இரட்டிப்பாகச் சேர்த்ததோ கெடவே இல்லை! அதே மன்னாதான், ஒன்று சொல்லை மீறி வைத்தது, மற்றது சொன்னபடி வைத்தது. ஆகவே சேமிப்பே அவிசுவாசம் என்று பயப்படாதீர்கள். வெயில் ஏறினால் உருகிப்போகும் என்பதால் காலைதோறும் வெளியே போய்ப் பொறுக்கவும் வேண்டியிருந்தது.

பதில் 3
தேவன் உங்கள் குறைவையெல்லாம் நிறைவாக்குவார் என்கிற பிலிப்பியர் 4:19ஐ மட்டும் தனியாகப் பிடித்துக்கொள்வது பலர் செய்கிற தவறு. 10லிருந்து வாசியுங்கள். குறைவுபடவும் தெரியும் என்று பவுல் 12இல் எழுதுகிறார். பிலிப்பி சபை எப்பாப்பிரோதீத்து என்பவர் கையில் அவருக்கு உதவி அனுப்பியது 18இல் வருகிறது. தேவன் மனிதர் கை வழியாகவும் கொடுக்கிறார், சகோதரி. தேவையைச் சபையில் சொல்லத் தயங்காதீர்கள்.